மறியலில் நின்ற இரண்டு கால்கள்

என் நாட்குறிப்பில் ஒரு துண்டுப் பிரசுரம் மடித்துச் செருகியிருக்கிறது. முன்பக்கம் இடஒதுக்கீட்டுக் கோரிக்கைகள். பின்பக்கம் பேனாவில் ஒரு குறிப்பு: "ஆஸ்பத்திரி கேஸ். அக்காவின் இரண்டு கால்களையும் போக விடவும்." கீழே என் மைத்துனரின் கையெழுத்து. தேதி இல்லை. மழை பெய்தால்கூட நாளும் நேரமும் எழுதி வைக்கும் எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

அந்த வருடம் போராட்டம் மறுபடி சூடுபிடித்திருந்தது. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டிலோ என் மனைவியின் கண்களைப் பற்றித்தான் பேச்சு. இரண்டிலும் புரை. வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்று முப்பத்தெட்டு. மூன்று வாரத்தில் நூற்றைம்பதுக்குக் கீழே வராவிட்டால் ஆபரேஷன் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்கவும் சொன்னார். அவளுக்கு மூட்டு இரண்டும் தேய்ந்து, சுவரைப் பிடித்துக் குளியலறை வரை போவதே பெரிய பாடு.

பிசியோதெரபி செய்யும் பெண் ஒரு சின்ன மிஷினைக் கொடுத்தார். தொடையில் நான்கு பட்டைகளை ஒட்டி சுவிட்சைப் போட்டால் லேசாகக் கரன்ட் பாய்ந்து தசை தானாகச் சுருங்கி விரியும். உட்கார்ந்தபடியே உடற்பயிற்சி. காலையும் மாலையும் இருபது நிமிடம்.

"இருபது நிமிடம் எவ்வளவு தூரம் நடந்ததற்குச் சமம்?" என்று கேட்டேன்.

"அப்படிக் கணக்கெல்லாம் கெடையாது சார்."

நான் நகரவில்லை. "ஒரு கிலோமீட்டர்னு வெச்சிக்குங்களேன்" என்றார், என்னை அனுப்பி வைப்பதற்காக.

வைத்துக்கொண்டேன். நோட்டில் தேதி, நேரம், தூரம் என்று கட்டம் போட்டேன். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். அவள் ஒருமுறைகூடப் போனதில்லை. ஆகவே அந்த மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு என்று முடிவானது. கச்சிராயபாளையம் சாலையில் அவள் கால்கள் கிளம்பின. அவள் நாற்காலியில் இருந்தாள்.

என்னைவிட அவள்தான் இதை நம்பினாள். மூன்றாம் நாள், "இப்ப எங்க இருக்கேன்? டீக்கடை எதுனா வருதா?" என்றாள்.

"வரும்."

"இவ்ளோ தூரம் நடந்தவளுக்கு ஒரு வடை கெடையாதா?"

அரைக் கிண்ணம் சுண்டல் கொடுத்தேன்.

மின்வெட்டில் பாதியில் நின்றவற்றைக் கழித்து, ஆறாம் நாள் மாலை பத்தே முக்கால் கிலோமீட்டர். ஏழாம் நாள் காலை அதே சாலையில், பதினோராவது கிலோமீட்டர் கல்லருகே மறியல் என்று செய்தி வந்தது. அவளுடைய ஒரே தம்பி முன்வரிசையில். அவள் பட்டையை ஒட்ட விடவில்லை.

"என் தம்பி வெயில்ல குந்திக்கினு இருக்கான். அவன மிதிச்சிக்கினா போவேன்?"

"நீ வீட்டில்தானே இருக்கிறாய்!"

"கால் எங்க இருக்குதுன்னு நீங்கதான எழுதுனீங்க?"

போனில் தம்பி கிடைக்கவில்லை. நானே போய் வழிவிடச் சொல்லிக் கேட்டு வருகிறேன் என்றேன். "வாய் வார்த்தை செல்லாது. எழுதி வாங்கிக்கினு வாங்க" என்றாள். ஒருநாள் போனாலும் கண் ஆபரேஷன் தள்ளிப்போகும் என்ற பயத்தில், நோட்டை மேஜைமேல் போட்டுவிட்டு மொபெட்டை எடுத்தேன்.

மறியலில் மைத்துனர் எழுந்து வந்தார். "இன்னா மாமா, இந்த வெயில்ல?"

"அக்காவுக்கு வழி விடணும் மச்சான்."

"ஆட்டோல இருக்குதா?"

"வீட்டில் இருக்கிறாள்."

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். முழுவதையும் விளக்கினேன். பக்கத்தில் இருந்தவர் கழுத்தை நீட்டி, "பத்தே முக்கால்னா அதோ, அந்தக் கெணத்தாண்ட நிக்குது" என்றார். எல்லோரும் திரும்பிக் கிணற்றைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"ஒருத்தருக்கு வுட்டா எல்லாரும் கேப்பாங்க" என்றார் பின்னால் ஒருவர்.

"இன்னும் யாரு காலுய்யா தனியா வருது?" என்றார் கிணற்றைக் காட்டியவர்.

"ஆம்புலன்சுக்கு வுட்டோம் இல்ல? அது மாதிரிதான்" என்று மைத்துனர் முடித்தார். என் பேனாவை வாங்கிப் பிரசுரத்தின் பின்னால் எழுதினார். "கால் மட்டுந்தான் மாமா. அக்கா வந்தா எங்ககூட ஒக்காந்துதான் ஆவணும்."

வீட்டில் படித்துக் காட்டினேன். தாளை வாங்கி விரலால் தடவினாள். "தேதி போட்டுக்கிறானா?"

"இல்லை."

"அப்ப எப்ப வேணா செல்லும்" என்று காலை நீட்டினாள். மாலைக் கணக்கை எழுதினேன்.

மலை ஏற்றத்தில் அவளே பாதித் தூரம் போடச் சொன்னாள், மூச்சு வாங்குகிறதாம். இருபத்தோராம் நாள் சர்க்கரை நூற்று நாற்பத்தாறு. மிஷினாலா, அளந்து போட்ட சோற்றாலா என்று கேட்டதற்கு டாக்டர், "கொறஞ்சுது இல்ல, வுடுங்க" என்றார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கால்கள் மலைச்சாலையில் ஏதோ ஒரு வளைவில் நிற்கின்றன.

எந்த வளைவு என்பதில்தான் சிக்கல். பிறகு ஒருநாள் நோட்டைப் புரட்டியபோது, மறியலன்று காலைக் கட்டத்தில் பென்சிலில் கோணலாக "20" என்று இருந்தது. நான் நீல மையில் மட்டுமே எழுதுவேன். அப்படியானால் நான் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவள் தம்பியைத் தாண்டிப் போயிருக்கிறாள். கேட்டேன். "கண்ணு தெரியாதவ எப்படி எழுதுவேன்?" என்று, இப்போது நன்றாகத் தெரியும் கண்களால் என்னைப் பார்த்தாள். அன்று வந்துபோன பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, தான் பட்டை ஒட்டிவிட்டோமா என்பது நினைவில்லை. அந்த ஒரு கிலோமீட்டர் நடந்ததா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. கூட்டுத்தொகையில் அதைச் சேர்க்கவில்லை.