யார் கூப்பிட்டது?

மருத்துவமனைகளுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவை நிலையம் அது. அதன் வேன்களை அனுப்பி வைத்து, திரும்பி வந்ததும் சாவியை வாங்கி ஆணியில் மாட்டும் அம்மாளுக்கு ஓட்டுநர்கள் வைத்திருந்த பெயர் எக்ஸ்ரே. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் எக்ஸ்ரே. அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். தெரிந்ததில் உள்ளூரப் பெருமைதான்.

பெயர் சும்மா வரவில்லை. வேன் வந்து நின்றதும் முதலில் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். “இப்பத்தான்க்கா வந்தேன்” என்று சொல்பவனின் வண்டி ஆறிப்போயிருந்தால் அன்றைக்கு அவன் தொலைந்தான். ஓட்டுநர் இருக்கை வழக்கத்தைவிட முன்னால் தள்ளியிருந்தால், வேறு எவன் உட்கார்ந்து ஓட்டினான் என்று துருவித் துருவிக் கேட்டு, மச்சினன் பெயர் வெளியே வந்த பிறகுதான் விடுவார். மனுஷன் பொய் சொல்வான், வண்டி சொல்லாது என்பது அவர் கட்சி.

அவருடைய பெரிய ஆயுதம் மேசைமேல் இருந்த போன். ‘வண்டி ஓட்டும்போது போன் பேசாதே’ என்று சிவப்பு எழுத்தில் எழுதி வாசலுக்கு எதிரே ஒட்டியவர் அவர்தான். ஒட்டிவிட்டால் போதுமா? பயல்கள் கேட்கிறார்களா என்று பார்க்க வேண்டாமா? அதனால் வண்டி நடுச்சாலையில் ஓடும் நேரமாகப் பார்த்துத் தானே கூப்பிட்டுப் பார்ப்பார். எடுத்தவன் பேசுகிறான் என்று அர்த்தம், மாட்டிக்கொண்டான். எடுக்காதவன் எங்கேயோ நிழலில் படுத்துத் தூங்குகிறான் என்று அர்த்தம், அவனும் மாட்டிக்கொண்டான். இந்தப் பரீட்சையில் இதுவரை யாரும் பாஸானதில்லை.

வீட்டிலும் அதே கண், அதே கைதான். அவர் கணவர் கடைக்குப் போகும்போதெல்லாம் போனை மறக்காமல் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போவார். தப்பிக்க வழியில்லாதவள் ஒரே மகள். நகரத்தின் அந்தக் கோடியில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தன் சின்னக் காரை ஓட்டிக்கொண்டு அம்மாவைப் பார்க்க வருவாள். கிளம்பியாச்சா என்று ஒரு போன். எங்கே வருகிறாய் என்று ஒன்று. ஏன் இன்னும் காணோம் என்று இன்னொன்று. மகள் எடுக்காவிட்டால் மாப்பிள்ளைக்கு, அவரும் எடுக்காவிட்டால் மாப்பிள்ளையின் தங்கைக்கு. அது அவருடைய பாசம். அவருக்குப் பாசத்தை வேறு விதமாகக் காட்டத் தெரியாது.

அப்படிப்பட்ட மகள்தான் போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வீசியெறிந்தாள். “வந்துக்கிட்டே இருக்கேன்மா” என்றாள். “இதையேதான் அப்பவும் சொன்னே” என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் காதில் டமாரென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. சுவரில் எறிந்திருக்கிறாள்! பெற்றவள் முகத்தில் எறிந்த மாதிரிதான் அது. அன்று அவள் வரவும் இல்லை. ராத்திரி மாப்பிள்ளைதான் பேசினார். “சார்ஜ் போயிடுச்சு அத்தை. ஆபீஸ் வேலையா அவசரமா வெளியூர் கிளம்பிட்டா” என்றார். வெளியூர் வாசம் ஒரு மாதத்துக்குமேல் நீண்டது. முகத்தைக் காட்டிப் பேசச் சொன்னால், சிக்னல் இல்லை என்றாள். அந்தச் சத்தத்தை எக்ஸ்ரே மன்னிக்கவே இல்லை. நெஞ்சுக்குள் ஒரு முள்ளாக வைத்திருந்தார்.

திரும்பி வந்த மகள் அதற்கப்புறம் காரைத் தொடவில்லை. பஸ்ஸில் வந்தாள், அல்லது புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். கேட்டால் நிறுத்த இடம் கிடைப்பதில்லை என்று மழுப்பினாள். இது போதாதா, எக்ஸ்ரேவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. சாவியை மாப்பிள்ளை பிடுங்கி வைத்துக்கொண்டார் போலிருக்கிறது. லிஃப்ட் கம்பெனியில் இருந்த நல்ல வேலையையும் மனுஷர் விட்டுவிட்டார். பகலெல்லாம் பின்னறையில் உட்கார்ந்து ஏதோ பெட்டி செய்கிறாராம். மாமியார் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பதே இல்லை. மகள் வாழ்க்கையில் ஏதோ கோளாறு. அது என்னவென்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் மகளின் காரைச் சுற்றி வந்தபோது கண்ணில் பட்டது. முன்விளக்கு இரண்டில் வலப்பக்கத்தது பழசாகி மஞ்சள் பூத்திருந்தது. இடப்பக்கத்தது கண்ணாடியாகப் பளபளத்தது. வேன்களோடு வாழ்ந்தவருக்கு இதற்கு விளக்கவுரை வேண்டுமா? முன்பக்கம் எதிலோ இடித்திருக்கிறது. யாரையோ இடித்திருக்கிறது என்று அவர் மனம் அடுத்த படிக்குத் தாவியது. போன் பேசிக்கொண்டே ஓட்டி எவரையோ இடித்துவிட்டு, விஷயத்தை அமுக்கி, மகளையும் வாயைத் திறக்கவிடாமல் செய்திருக்கிறார் இந்த மனுஷர்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை சலவை நிலையத்துக்கே வந்து சேர்ந்தார். கையில் லேப்டாப், பையில் பெட்டி. வண்டி ஓட்டும்போது போனைத் தொடவிடாமல் செய்யும் கருவியாம், அதற்கு ஒரு தொழில் திட்டமாம். முதலாளியின் அறையில் விளக்கினார்.

“இந்த மாதிரி கருவி செய்யிற மத்தவங்க எல்லாரும் ஓட்டுறவர் கையைத்தான் கட்டிப்போடப் பார்க்கிறாங்க சார். அவர் அந்தக் கருவியை ஒரு நிமிஷத்துல அணைச்சுடுவார். ஏன்னா, எடுக்கலைன்னா கூப்பிடறவருக்குக் கோபம் வருமேன்னு பயம். நம்ம பெட்டி கூப்பிடறவர்கிட்ட பேசும். வண்டி ஓடுது, நின்னதும் பேசுவார்னு சொல்லும். கூப்பிடறவர் மனசு அடங்கிட்டா ஓட்டுறவர் கை தானா அடங்கிடும். நம்ம வாடிக்கையாளர் ஓட்டுறவர் இல்லை சார், கூப்பிடறவர்.”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஓடுதுன்னு எப்படி நம்பறது?” என்றார் முதலாளி.

“அதுக்குத்தான் சார் உங்க வேன்ல வச்சுப் பார்க்கணும்னு கேட்கிறேன். முதல்ல கொஞ்ச நாள் பெட்டி எதையும் தடுக்காது, சும்மா கவனிக்கும். யார் கூப்பிடறாங்க, ஓட்டும்போது எடுக்கிறாங்களா, அவ்வளவுதான். அப்புறம்தான் தடுக்க ஆரம்பிக்கும்.”

முதலாளி எக்ஸ்ரேவைப் பார்த்தார். வேன்கள் விஷயத்தில் கடைசி வார்த்தை அவருடையது. குற்றம் செய்தவனை விட்டுவிட்டுக் கூப்பிட்டவனைக் குறை சொல்லும் இந்தத் திட்டம் அவருக்கு அறவே பிடிக்கவில்லை. எதையோ மறைக்கிற ஆளுக்குத்தான் இப்படி யோசனை போகும் என்று தோன்றியது. ஆனாலும் தலையாட்டினார். ஆளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால்தானே கையும் களவுமாகப் பிடிக்கலாம்?

பெட்டிகள் மாட்டப்பட்டன. ஸ்டீயரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒன்று. எக்ஸ்ரே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருந்தார். பெட்டி ஓட்டுநர்களையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று ஒரு சந்தோஷம் வேறு. வழக்கம்போல நடுச்சாலைப் பரீட்சைகளையும் விடாமல் நடத்தினார்.

முடிவு சொல்லும் நாளில் எல்லோரும் முதலாளியின் அறையில் கூடினார்கள். ஓட்டுநர்கள் சார்பில், சத்தமில்லாமல் ஓட்டுவதால் பூனை என்று பெயர் வாங்கியவன் வந்து கதவோரம் நின்றான். ஓட்டும்போது எடுத்த அழைப்புகள் நிறைய இருக்கின்றன என்று மாப்பிள்ளை சொன்னார். பெரும்பாதி ஒரே நம்பரில் இருந்து வந்தவை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவினார்.

“எந்த நம்பர்?” என்றார் எக்ஸ்ரே.

“அது வேண்டாம் அத்தை. மொத்தக் கணக்கே போதும்.”

“ஏன் வேண்டாம்? எவன் பொண்டாட்டி, எவன் கூட்டாளின்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமா? என்ன மறைக்கிறீங்க மாப்பிள்ளை?”

“காட்டுங்க, பார்ப்போம்” என்று முதலாளியும் சொல்லிவிட்டார். சுவரில் படம் விழுந்தது. குட்டிக் குட்டியாக நாலைந்து பட்டைகள், நடுவில் பனைமரம் மாதிரி ஒன்று. அதன் அடியில் இருந்த நம்பரை எக்ஸ்ரேவுக்குப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. தினமும் அவர் விரல் படுகிற மேசைபோனின் நம்பர் அது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. “எடுக்கிறானுங்களான்னு பார்க்கத்தானே கூப்பிட்டேன்!” என்றார்.

முதலாளி இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார். பூனைதான் வாயைத் திறந்தான். “எடுத்தா ஏன்டா எடுத்தேன்னு திட்டுவீங்க. எடுக்கலைன்னா எங்கேடா ஒளிஞ்சிருக்கேன்னு திட்டுவீங்க. எடுத்தா கிடைக்கிற திட்டு கொஞ்சம் சின்னதுக்கா. அதான் எடுத்துடுவோம்.”

மாப்பிள்ளை லேப்டாப்பை மூடிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். எக்ஸ்ரே பின்னாலேயே வந்து காருக்கு முன்னால் வழிமறித்து நின்றார். அவமானம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

“என்னை நாலு பேர் முன்னால நிறுத்தத்தானே இங்கே வந்தீங்க? இந்த விளக்கு மட்டும் ஏன் புதுசு? யாரை இடிச்சீங்க, சொல்லுங்க.”

“யாரையும் இடிக்கலை அத்தை. சாலையோர விளக்குக் கம்பம்.”

“போன் பேசிக்கிட்டே ஓட்டினீங்க. இப்போ ஊருக்குப் பெட்டி விக்கிறீங்க.”

“நான் ஓட்டலை அத்தை.”

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. அந்தக் காரை ஓட்டுகிறவர்கள் இரண்டே பேர்தான். எக்ஸ்ரேவின் குரல் இறங்கியது. “அவளா? அவ யார்கூட பேசிக்கிட்டு வந்தா?”

அன்றுதான் முதன்முறையாக மாப்பிள்ளை மாமியாரை நேருக்கு நேர் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. இதற்குமேல் கேட்காதீர்கள் என்ற கெஞ்சல்.

கேட்கத் தேவையும் இருக்கவில்லை. காதுக்குள் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. டமார். சுவரில் போன் மோதிய சத்தம் இல்லை அது. ஒரு மழைக்காலம் முழுக்க, அதற்கப்புறமும், மகளின் திமிர் என்று நெஞ்சுக்குள் வைத்துக் குமைந்துகொண்டிருந்த அந்தச் சத்தம், அவள் கம்பத்தில் மோதிய சத்தம். இவர் அதைக் கேட்டிருக்கிறார். காதோடு காதாகக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுக் கோபப்பட்டிருக்கிறார். காரின் மேலேயே சாய்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் முன்கூட்டியே போன் செய்யாமல் மகள் வீட்டுக்குப் போனார். அப்படிப் போனது அதுதான் முதல் தடவை. கதவைத் திறந்தவளின் கைகளைப் பிடித்து, இப்போதெல்லாம் அவள் விடாமல் போடும் முழுக்கைச் சட்டையை மேலே தள்ளினார். இடது மணிக்கட்டுக்கு மேலே தையல் தழும்பு ஓடியது. வெளியூராம், சிக்னல் இல்லையாம். மாவுக்கட்டோடு இந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள்.

“ஏன்டி எங்கிட்ட சொல்லலை? திட்டுவேன்னா?”

“திட்டினா பரவாயில்லைம்மா.” மகள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. “சொன்னா, அதுக்கப்புறம் நீ என்னைக் கூப்பிடவே மாட்டேன்னு பயமா இருந்துச்சு.”

எக்ஸ்ரே அழுதார். பெற்றவள் என்ற உரிமையில் அழவில்லை, தப்பு செய்தவள் என்று தெரிந்து அழுதார். அதுவும் இதுவும் வேறு வேறு அழுகை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சில வாரம் கழித்து மகள் சொன்னாள், “ஞாயிற்றுக்கிழமை நானே ஓட்டிக்கிட்டு வரேன்மா. பெட்டி மாட்டியாச்சு. நின்னதும் நானே கூப்பிடறேன். வழியில நீ கூப்பிடாதே.”

“நான் ஏன் கூப்பிடப் போறேன்?” என்றார் எக்ஸ்ரே.

ஞாயிறு காலையில் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தார். “போனை எங்கிட்ட குடுத்துடு” என்று கணவர் கை நீட்டினார். இவரும் அவர்கள் கட்சிதான் என்று அவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கூப்பிட்டார். மணி அடிக்கவே இல்லை. மகளின் குரல் வந்தது.

“அம்மா, ஓட்டிக்கிட்டு இருக்கேன். நல்லா இருக்கேன். வந்து நின்னதும் நானே கூப்பிடறேன்.”

எல்லோருக்கும் பொதுவான குரல் இல்லை அது. அவர் நம்பருக்கென்றே மகள் பேசி வைத்திருந்தது. எக்ஸ்ரேவுக்குச் சந்தேகம் விடவில்லை. இதை எப்போது பேசி வைத்தாளோ? இப்போது நன்றாக இருக்கிறாள் என்று எப்படி நம்புவது? மறுபடி கூப்பிட்டார். அதே குரல், அதே நிதானம். இன்னொரு முறை. நாலாவது முறை கூப்பிட்டபோது சந்தேகத்துக்காகக் கூப்பிடவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டாலும் அந்தக் குரல் எரிச்சல்படவில்லை, அங்கே ஸ்டீயரிங்கில் இருந்து ஒரு விரலும் நகரவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. இன்னும் ஒரு முறை கூப்பிட்டார்.

கார் வாசலில் வந்து நின்றது. எக்ஸ்ரே ஓடினார். மகள் எஞ்சினை அணைத்தாள், ஆனால் இறங்கவில்லை. போனை எடுத்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அம்மாவின் கையில் போன் அடித்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருவரும் காதில் வைத்தார்கள்.

“வந்துட்டேன்மா.”

எக்ஸ்ரே கண்ணாடி வழியே மகளின் கைகளைப் பார்த்தார்.

“எத்தனை தடவை கூப்பிட்டே?” என்றாள் மகள்.

“ஒரே தடவை.”

மகள் குனிந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே பெட்டியில் ஒளிர்ந்த எண்ணைப் பார்த்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். “பெட்டி அஞ்சுன்னு சொல்லுது.”

“உன் புருஷன் பெட்டியை நம்பாதே” என்றார் எக்ஸ்ரே. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. கையை எடுக்கவில்லை.