பூங்காவின் நான்கு வெள்ளைக் கற்கள்

சுண்ணாம்பு அடித்த கல்லைத் தூக்கினால் உள்ளங்கை வெளுத்துப் போகும். பாவாடையில் எத்தனை முறை துடைத்தாலும் விரலிடுக்கில் மிஞ்சி, சாப்பிட உட்காரும்போது என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் "லைன்" வீடுகளுக்கு எதிரே இருந்த பூங்காவில் அப்படி நான்கு கற்கள் இருந்தன.

பூங்கா என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு சறுக்குமரம், இரண்டு சிமெண்டு பெஞ்சு, மீதியெல்லாம் வெயில். ஒரு நாள் "ஏர் பிளாஸ்ட்" ஆகி, அதாவது பூமிக்கடியில் சுரங்கப் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்து, வீட்டுப் பாத்திரமெல்லாம் உருண்டது. மறுநாள், சுரங்கத்துக்குள் முட்டுமரம் கொடுக்கும் வேலை பார்த்த அப்பா தன் ஷிப்டு ஆட்களோடு வந்து பூங்கா முழுக்கக் கடப்பாரையால் தட்டிப் பார்த்தார். பாறையைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பது அவர்கள் பழக்கம். சத்தம் மாறினால் அங்கே நிற்க மாட்டார்கள். ஓரிடத்தில் அத்தனை பேரும் கையை நிறுத்தினார்கள். "உள்ள காலியா கீது" என்றார் அப்பா. அந்த இடத்தைச் சுற்றி நான்கு கற்களை வைத்து, ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டுக்கு அடித்த சுண்ணாம்பில் மிச்சத்தை அவற்றுக்குப் பூசி வந்தார்.

எனக்கும் அண்ணனுக்கும் அந்தக் கற்கள் பெரிய இடைஞ்சல், கிரிக்கெட்டில் ஓட இடமில்லை. அப்பா இருமலோடு படுத்துவிட்ட வருஷம், நான்கையும் உருட்டிக்கொண்டு போய் வேலியோரம் அதே சதுரமாக வைத்தோம். அந்தக் காலி மண்மேல் மாதக்கணக்கில் ஓடினோம். ஒன்றும் ஆகவில்லை என்று எங்களுக்குக் கர்வம் வேறு. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்க அப்பா எங்களையே அனுப்பினார். திரும்பியதும், "கல்லு இருந்த எடத்துலயே கீதா?" என்று கேட்டார். "கீதுப்பா" என்றோம் இருவரும். அடுத்த மழைக்கு முன்பே அவர் போய்விட்டார்.

பக்கவாதம் வந்து அண்ணன் இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறான். அவனுக்காகத்தான் பூங்காவில் நிழற்கூரையும் சாய்தளமும் வேண்டுமென்று ஒரு வருஷம் மனுவோடு அலைந்தேன். கற்களின் ஞாபகமே வரவில்லை என்றால் அது பொய். யாராவது தட்டிப் பார்க்காமலா கட்டுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேலை நடந்தபோது மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரில் இருந்தேன். திரும்பி வந்தால், ரொம்ப ஜாக்கிரதையாகக் கட்டியிருந்தார்கள். லைன்காரர்கள் மேஸ்திரியிடம் "கல்லாண்ட போவாதீங்க" என்று சொல்லிச் சொல்லி, கற்களை விட்டுத் தள்ளிக் கட்ட வைத்திருந்தார்கள். தள்ளிக் கட்டிய இடம் அப்பா காட்டிய இடம்.

சாய்தளத்தில் அண்ணனைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். பாதியில் அவன் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினான். "நேத்து அவ்ளோ மழ பேஞ்சிதே, இங்க ஒரு சொட்டு நிக்குதா பாரு." தூணடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு இருந்தது. "போய்ச் சொல்லிடு. எம்பேரயும் சேத்துச் சொல்லு" என்றான்.

கல்லை நகர்த்தியது நாங்கள்தான் என்று நகராட்சியிலும் லைனிலும் சொன்னேன். நகராட்சியில் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். நிழலில் உட்கார்ந்திருந்த பென்ஷன்காரர் ஒருவர், "இன்னாம்மா, கூர கேட்டதும் நீ, வேணான்றதும் நீயா? உங்கப்பா வெச்ச கல்லு அதோ அங்க கீது" என்று சிரித்தார். அவர் சுரங்கத்துக்குள் இறங்காமல் மேலே வொர்க்‌ஷாப்பில் இருந்தவர். அப்பாவோடு தட்டிக் கேட்டவர்களில் ஒருவரும் இன்று இல்லை. அன்று மாலையே அண்ணன் "இன்னும் இந்தாண்ட" என்று காட்டக் காட்ட, கற்களை உருட்டி வந்து கூரையைச் சுற்றி வைத்துச் சுண்ணாம்பும் அடித்தேன்.

இன்று காலை போனபோது கூரையைச் சுற்றி ஒரு கல்லும் இல்லை. நிழலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேலியோரம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், எங்கள் கற்கள்தான் ஸ்டம்பு. "கல்ல எங்கருந்துமா எடுத்தீங்க?" என்று ஒரு சிறுமியிடம் கேட்டேன்.

"நாங்க எடுக்கல ஆன்ட்டி, இங்கியேதான் இருந்துச்சு" என்றாள், வெளுத்த உள்ளங்கையைக் கவுனில் துடைத்துக்கொண்டே.