தபசு காலத்துப் புருஷன்

மதலேனம்மாளும் நானும் ஒரே லயத்தில் இருந்தோம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு ஒற்றைச் சுவர்தான். அவள் வீட்டில் அடி விழுந்தால் என் வீட்டுச் சட்டி அதிரும். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், அவள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. அவள் புருஷன் சந்தியாகுவைத் திட்டுகிற விஷயத்திலாவது இரண்டு பேரும் ஒன்று என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் திட்டியதெல்லாம் நான் மட்டுமே. அவள் வாயே திறக்கமாட்டாள்.

ஒரு ஆடி மாத மழையில் அந்தப் பாவி அவளுடைய கம்பளியைச் சாராயக்கடையில் கொடுத்துக் குடித்துவிட்டான். கொழுந்து எடுக்கிறவளுக்குக் குளிருக்கும் மழைக்கும் அந்தக் கம்பளியை விட்டால் வேறு என்ன இருக்கிறது? சாக்கைப் போர்த்திக்கொண்டு மலையேறினாள்.

"இவனெல்லாம் ஒரு மனுசனா எக்கா? விட்டுட்டுப் போயேன்" என்றேன்.

"எங்க கோயில்ல கட்டுனா கட்டுனதுதான் சின்னத்தாயி. சாவுறவரைக்கும் அவுக்க முடியாது" என்றாள்.

ஆனால் வருஷத்தில் நாற்பது நாள் அவளுக்கும் ஒரு புருஷன் இருந்தான். ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களைத் தபசு காலம் என்பார்கள். முன்பு ஒரு தபசு காலத்தில் சந்தியாகு குடித்துவிட்டு வந்த அன்றைக்கே அவர்களுடைய கைக்குழந்தை வலிப்பு கண்டு செத்துப்போனது. ஆண்டவர் கொடுத்த அடி என்று அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து விபூதிப் புதனன்று சாமியார் நெற்றியில் சாம்பல் பூசியதும் வாயைக் கட்டிவிடுவான். விறகு பிளப்பான், தகரத்து ஓட்டையை அடைப்பான், மகளைத் "தாயி" என்று கூப்பிடுவான். ஈஸ்டர் பூசையில் மணியடிக்கும்போது எல்லாரும் சிரிப்பார்கள், மதலேனம்மாள் அழுவாள். பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். பூசை முடிந்ததும் அவன் எங்கே போவான் என்று அவளுக்கல்லவா தெரியும்.

மகள் ஞானப்பிரகாசிக்கு இரண்டு சம்பந்தம் வந்து கலைந்தது. முதல் தடவை மாப்பிள்ளை வீட்டார் வரும்போது சந்தியாகு வாசல் சாக்கடையில் கிடந்தான். அடுத்த தடவை வந்த பெரிய மனிதரின் வேட்டியை உருவிவிட்டான்.

"குடிக்காத ஒருத்தன் வந்தாப் போதும். வேற ஒண்ணுமே வேண்டாம், மாதாவே" என்று அவள் செபமாலையை உருட்டுவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

கேரளம் என்று மாநிலம் பிறந்த மறுவருஷம் ஆனைக்கரைப் பக்கத்திலிருந்து மூன்றாவது சம்பந்தம் வந்தது. மிக்கேல் என்று பெயர், ஏலத்தோட்டத்தில் வேலை. இந்தத் தடவை மதலேனம்மாள் ஒரு கணக்குப் போட்டாள். தபசு காலத்தில் அவர்கள் கோயிலில் கல்யாணம் நடக்காது. ஆனால் பெண் பார்க்க யார் தடுப்பார்கள்? நோன்பு தொடங்கியதும் வந்து பார்க்கட்டும், ஈஸ்டருக்கு மறுநாளே கல்யாணம் முடியட்டும் என்று சொல்லியனுப்பினாள். கெட்டிக்காரி என்று நானே மெச்சினேன்.

விபூதிப் புதன் கழிந்த மூன்றாம் நாள் வந்தார்கள். சந்தியாகு வெளுத்த வேட்டி கட்டி, கைகூப்பி வரவேற்றான். எங்கே என்ன உளறிவிடுவானோ என்று மதலேனம்மாள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பையன் சாராயம் தொடுவானா?" என்று நான்தான் கேட்டேன்.

"இப்ப தொடுறதே இல்ல தாயி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

மாப்பிள்ளை தலையைக் குனிந்து, காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். என்ன மரியாதை பார் என்று நானும் அவளும் கண்ணாலேயே பேசிக்கொண்டோம்.

ஈஸ்டர் ஞாயிறு ஒன்றுதான் குறுக்கே நின்றது. அவள் சந்தியாகுவின் காலில் விழுந்தாள். "இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்துக்கிடுங்க. புள்ளைக்காக" என்றாள். அன்று முழுக்க அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வியர்த்தான், எரிந்து விழுந்தான், ஆனால் எழுந்து போகவில்லை. திங்கட்கிழமை காலை மகளைக் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிப்போனான். தாலி ஏறியது. மதலேனம்மாள் என் தோளில் சாய்ந்து, "எம்புள்ள தப்பிச்சுட்டா சின்னத்தாயி" என்று விம்மினாள். அவள் சந்தோஷத்தில் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பந்தி போட்டாயிற்று. மாப்பிள்ளையைக் காணோம், சந்தியாகுவையும் காணோம். தேடிக்கொண்டு இருவரும் கோயிலுக்குப் பின்பக்கம் போனோம். கல்யாணச் சட்டையோடு மிக்கேல் குந்தி உட்கார்ந்து புட்டியைச் சாய்த்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே பாதி காலி.

"நாப்பது நாளு வாயக் கட்டிப் போட்டு உசுரே போச்சு மாமா. நீங்க ஊத்திக்கிடுங்க" என்று நீட்டினான்.

சந்தியாகு அவனைக் கட்டிக்கொண்டான். "எனக்குன்னே பொறந்த மருமகன்டா நீ" என்றான்.

எனக்கு இரண்டு பேரையும் விளக்குமாற்றால் சாத்த வேண்டும் போலிருந்தது. மதலேனம்மாள் மிக்கேலின் கையையே பார்த்தாள்.

"ரெண்டு கையாலயும் டம்ளரைப் புடிச்சானே" என்றாள் மெதுவாக. "கை நடுங்கியிருக்கு சின்னத்தாயி. இவுகளும் நோன்பு தொடங்குன மொத வாரம் அப்படித்தான் புடிப்பாக. நான் பாக்காம விட்டுட்டேனே."

தன் வீட்டுக் குடிகாரனை மறைக்க அவள் பார்த்த நாள், அவர்கள் வீட்டுக் குடிகாரனையும் மறைத்துவிட்டது. ஒரு நாழிகைக்கு முன்னால் தெரிந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். இனி யாராலும் முடியாது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக லயத்துக்கு நடந்தாள். பெண்ணை அனுப்பக் கட்டி வைத்திருந்த தகரப்பெட்டியைத் திறந்து, தான் மறுபடி வாங்கிப் போர்த்துகிற கம்பளியை மடித்து அடியில் வைத்தாள்.

"இது உனக்கு வேணுமே அம்மா, எனக்கு எதுக்கு?" என்றாள் பின்னாலேயே வந்த பிரகாசி, மாலையும் கழுத்துமாக.

"வச்சுக்க தாயி. சாவியை மட்டும் மாப்பிள்ளை கையில குடுத்திராத."

பிரகாசி அம்மாவையே பார்த்தாள். பிறகு சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.