புல்மோட்டைப் பெட்டி

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றார். நான் ஏசியில் வடிந்த தண்ணீர் வாளியோடு கதவடியில் நின்றேன்.

"என்ன மிஸ்?"

"ஒண்டுமில்ல அண்ணை."

பிறகு சொன்னார். "ஒண்டுமே இல்ல. வெறுமையா இருக்கு."

அப்போது எனக்குக் காரணம் தெரியாது. வாளியைக் கீழே வைத்தேன். சற்று முன்புதான் போன் வந்திருந்தது. கம்பனியின் மீன்பிடிப் போட் ஒன்றின் எஞ்சின் நின்று, தண்ணீர் ஏறுகிறது என்று வேறொரு போட்காரர் ரேடியோவில் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. கடலில் தேடுகிறவர்கள் ஒன்றுதான் கேட்டார்கள். அந்தப் போட் கடைசியாக எங்கே நின்றது?

அந்தப் போட்டில் என் தம்பி இருந்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். கால் பழுதான பிறகு திருகோணமலைத் துறைமுகப் பக்கம் இந்த மீன் கம்பனியில் சேர்ந்தேன். சேர்வர் அறையைக் கூட்டுவேன். ஜெனரேட்டருக்கு டீசல் விடுவேன். மற்றதெல்லாம் கம்பியூட்டர் பார்க்கிற மிஸ்ஸின் வேலை.

கம்பனிக்குத் துறைமுகத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் புல்மோட்டையிலும் ஐஸ் அறைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி. சேர்வர் என்று சொல்ல வேண்டும், நாங்கள் பெட்டி என்போம். போட்களின் சிக்னல், ஐஸ் அறைகளின் குளிர், எல்லாம் துறைமுகப் பெட்டிக்கு வரும். அதன் நகல் உடனுக்குடன் மற்றப் பெட்டிகளுக்குப் போகும். ஒன்று எரிந்தால் மற்றதில் இருக்கும்.

முன்பு ஒவ்வொரு இடத்துக்கும் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். பிறகு கொழும்பில் இருந்து கம்பியூட்டர் தம்பி ஒருவன் வந்து எல்லாவற்றையும் ஒரே திரைக்குள் கொண்டுவந்தான். கெட்டிக்காரன். அதற்குப் பிறகு மிஸ் கதிரையை விட்டு எழும்பத் தேவையில்லை. காலையில் வருவார். கைப்பையை வைப்பார். சாமிப் படத்தைக் கும்பிடுவார். எல்லாப் பெட்டிக்கும் சேர்த்து ஒரு பட்டனை ஒருமுறை அழுத்துவார். துறைமுகத்தில் உள்ளது அப்படியே மற்றவைகளில் பதியும். துறைமுகத்தில் இல்லாதது மற்றவைகளிலும் இல்லாமல் போகும். பிறகுதான் தேத்தண்ணீர்.

முதல் நாள் பின்னேரம் துறைமுகப் பெட்டியின் டிஸ்க் பழுதாகி, புதிது போட்டிருந்தார்கள். மூதூரில் இருந்து பழையதை எடுத்து அதை நிரப்ப வேண்டும். நிரப்பும் வரை புதுச் சிக்னலும் பதியாது. அதை நாளைக்குச் செய்வோம் என்று விட்டார்கள். காலையில் மிஸ் வந்தார். பையை வைத்தார், கும்பிட்டார், அழுத்தினார். கை தன் பாட்டில் செய்தது. புது டிஸ்க்கில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாதது போய்க் கிண்ணியாவிலும் மூதூரிலும் பதிந்தது.

மிஸ் கொழும்புத் தம்பிக்கு எடுத்தார். போனைச் சத்தமாக வைத்தார்.

"எல்லாம் பச்சையோ மிஸ்?"

"மூண்டு பச்சை. புல்மோட்டை சிவப்பு."

சிவப்பு என்றால் பெட்டி நிற்கிறது; மாரி மழைக்காலத்தில் அது இடியால் என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். இடி முழங்கினால் இங்கே எல்லா வீட்டிலும் பிளக்கைக் கழற்றுவார்கள். புல்மோட்டை ஐஸ் அறையைப் பார்க்கிற முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், கம்பனிப் பெட்டியையும் கழற்றுவார். மிஸ் அவருக்குப் பல தடவை ஏசியிருக்கிறார். "நானா, அது டிவி இல்ல, சேர்வர்." அவர் சொல்வார், "இடிக்கு அது தெரியுமா மிஸ்?"

போனில் கொழும்புத் தம்பி விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப புல்மோட்டையில நேத்துப் பின்னேரம் வரைக்கும் வந்த பழசு இருக்கு மிஸ். ஆனா அது எழும்பின உடனே இந்த வெறுமையை வாங்கிக்கொள்ளும். அதிட முறை காத்துக்கொண்டு நிக்குது."

"நிப்பாட்டு தம்பி."

"துறைமுகத்தை நிப்பாட்டினாலும் மற்றப் பெட்டியள் குடுக்கும். ஒண்டு விழுந்தாலும் வேலை நடக்க வேணும் எண்டு நான்தான் அப்பிடிச் செய்தனான். இங்க இருந்து பாக்கிறன். சத்தியம் பண்ண ஏலாது. நானாவுக்கு எடுத்துச் சொல்லுங்கோ, கரண்ட் குடுக்க வேண்டாம் எண்டு."

துறைமுகப் பெட்டியை நானே நிறுத்தினேன். கிண்ணியாவுக்கு எடுத்தோம், கழற்றினார்கள். மூதூரில் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. நானாவின் போன் நின்றுபோயிருந்தது. இரவு பெய்த மழையில் புல்மோட்டைப் பக்கம் கரண்ட் இல்லை என்று சாரதி ஒருவர் சொன்னார். கரண்ட் இல்லாத வரைக்கும் நல்லது.

மிஸ் ஸ்கூட்டியின் திறப்பை எடுத்தார். லாப்டொப்பைப் பொலித்தீனில் சுற்றி என்னிடம் தந்தார்.

"ஏறுங்கோ அண்ணை."

ஏறினேன்.

மழை தூறியது. லாப்டொப்பை நெஞ்சோடு பிடித்திருந்தேன். சாம்பல்தீவு தாண்டும்போது என் போன் அடித்தது. பாலையூற்றில் இருந்து தம்பியின் மனைவி.

"அண்ணை, ஆக்கள் என்னவோ கதைக்கினம். இவர் எங்க நிக்கிறார்? உங்களுக்கு அங்க திரையில தெரியும்தானே?"

"பாத்துச் சொல்றன்."

"இப்ப பாருங்கோவன்."

"வெளியில நிக்கிறன் பிள்ளை. பாத்துச் சொல்றன்."

போனைச் சட்டைப் பையில் வைத்தேன். மிஸ் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"சொன்னீங்களோ?"

"இல்ல."

"என்னை ஏசுங்கோ அண்ணை. பேசாம இருக்காதேங்கோ."

"ரோட்டைப் பாருங்கோ மிஸ்."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபத்துக்கு இடம் இல்லை. காற்று வடக்கில் இருந்து அடித்தது. அந்தக் காற்றில் எஞ்சின் இல்லாத போட் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அலைக்குப் பக்கம் கொடுத்து உருளும். தண்ணீரை வாளியால் இறைப்பார்கள். கை ஓய்ந்தால் முடிந்தது.

நிலாவெளியில் கடைகளில் லைட் எரிந்தது. அங்கே எரிந்தால் எனக்கென்ன என்று நினைத்தேன். குச்சவெளியில் ஒரு ரொட்டிக் கடை. அதிலும் லைட். உள்ளே பாட்டுப் போட்டிருந்தார்கள். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டையும் பார்த்துக்கொண்டு போனேன். இருட்டு வீடு கண்டால் மூச்சு வந்தது. லைட் கண்டால் நின்றது. ஒரு இடத்தில் கரண்ட்காரர் கம்பத்தில் ஏறி நின்றார்கள். வாழ்க்கையில் ஒருமுறைதான் அவர்கள் வேலையை முடிக்கக்கூடாது என்று வேண்டியிருக்கிறேன்.

புல்மோட்டை கிட்டும்போது பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. ஒலிபெருக்கியில்.

"பள்ளிக்கு ஜெனரேட்டர் இருக்கும் அண்ணை" என்றார் மிஸ்.

"ஓம்" என்றேன்.

அடுத்த வளைவில் ஐஸ் அறை மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. மிஸ் ஸ்கூட்டியை இன்னும் முறுக்கினார்.

கதவில் பூட்டு. ஆள் இல்லை. ஜன்னல் கண்ணாடியில் கையை வைத்து உள்ளே பார்த்தேன். மேசைக்குக் கீழே பெட்டி. அதில் பச்சை லைட் மின்னியது.

மிஸ் சுவரோடு சாய்ந்துவிட்டார். "போச்சு" என்றார்.

நான் பள்ளிக்குப் போனேன். ஓட ஏலாது, இழுத்து இழுத்துப் போனேன். தொழுகை நடந்துகொண்டிருந்தது. நானா நடு வரிசையில் நின்றார். கூப்பிட முடியுமா? வெளியே கால் கழுவுகிற இடத்தில் நின்றேன். அவர்கள் குனிந்தார்கள், நெற்றியை நிலத்தில் வைத்தார்கள், எழும்பினார்கள். ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மூடினேன், நிற்கவில்லை. நான் முருகனைக் கும்பிடுகிறவன். அங்கே நின்று யாரைக் கும்பிட்டேன் என்று தெரியாது. தம்பியை விட்டுவிடு என்றுதான் கேட்டேன்.

நானா வெளியே வந்து என்னைக் கண்டார்.

"என்ன இது, துறைமுகமே வந்து நிக்கிது. மிஸ் ஏச அனுப்பினவவா?"

"பெட்டிக்குக் கரண்ட் குடுத்தனீங்களோ?"

"ஓம். வந்த உடன பிளக்கக் குத்தின நான். நீங்கதானே நெடுக ஏசுற, நிப்பாட்டாதே நிப்பாட்டாதே எண்டு."

குழாயடித் திண்டில் உட்காரப் போனேன். நானா கையைப் பிடித்தார்.

"என்ன, உடம்புக்கு வருத்தமா? இரிங்க, இரிங்க."

"எல்லா வயரும் குத்தினனீங்களோ?"

"மத்தது குத்தல்ல. இன்டர்நெட் வாற லைன் வயர். போன மாரி இடி கரண்டால வரல்ல, அதாலதான் வந்து எண்ட பழைய பெட்டியப் பொசுக்கின. வானம் வெளுக்கட்டும் எண்டு வெச்சிருக்கன். ஏன், அதுவும் குத்தணுமா?"

"வேண்டாம்" என்றேன். இரண்டாம் தரமும் சொன்னேன்.

கதவைத் திறந்தார். லைன் வயர் சுவரில் ஒரு ஆணியில் சுருண்டு தொங்கியது. மிஸ் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிலத்தில் உட்கார்ந்து லாப்டொப்பைப் பெட்டியோடு நேரே வயரால் கொழுவினார். தட்டினார். நிறுத்தினார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். மீண்டும் தட்டினார். நான் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இருக்கு அண்ணை."

உள்ளே போன் எடுபடவில்லை. ரோட்டுக்குப் போனோம். மழை மீண்டும் பிடித்தது. நானா குடையை லாப்டொப்புக்குப் பிடித்தார். மூன்று பேரும் நனைந்தோம். போட் கடைசியாக நின்ற இடத்தின் எண்களை மிஸ் தேடுகிறவர்களுக்குப் போனில் வாசித்தார். ஒவ்வொரு எண்ணாக, திரும்பவும் வாசித்தார். அதற்கு முன்பு போட் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்றும் சொன்னார். நான் இடையில் புகுந்து, நீர் தெற்கே இழுக்கும் என்று சொல்லச் சொன்னேன். அவர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

பெட்டி இருந்தது. தம்பி இருக்கிறானா என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அன்று மீதி நேரமெல்லாம் எனக்குள் அதுதான் இருந்தது. பாலையூற்றுக்குப் போய் தம்பியின் மனைவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அயலவர் சோறு கொண்டுவந்தார்கள். யாரும் தொடவில்லை.

அடுத்த நாள் மதியத்துக்குப் பிறகு சொன்னார்கள். சொன்ன இடத்துக்குத் தெற்கே, நல்ல தூரம் நீரோடு அள்ளுண்டு, போட் தெரிந்தது. ஆட்கள் எல்லாரும் உயிரோடு.

துறைமுகத்தில் அவனை இறக்கியபோது கைகள் தோல் உரிந்திருந்தன. உதடு உப்பில் வெடித்திருந்தது. மனைவி அவன் நெஞ்சில் ஒரு அடி போட்டாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். மிஸ் தள்ளி நின்றார், கிட்ட வரவில்லை.

தம்பி பிளேன்டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.

"பயந்து போனியளோ அண்ணை?"

"கொஞ்சம்."

"நாங்கள் அவ்வளவா பயப்பிடேல்ல. பெடியள் அழேக்க நான்தான் சொன்னனான். எங்கட இடம் அண்ணையிட பெட்டியில இருக்கு, தேடி வருவினம், இறையுங்கோடா எண்டு."

மிஸ் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார்.

"இருந்ததுதானே அண்ணை?"

"ஓம்" என்றேன். "இருந்தது."