குணலட்சுமி காத்திருந்த மூன்றாம் பாகம்

சித்திரை வருடப்பிறப்பு கழிந்த கையோடு கொழும்புத்துறை வாசிகசாலையில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டப்பட்டது. பொறுப்பாளர் பிரசாந்தி அதன் தலைப்பில் ‘கோடை வாசிப்பு: அரச கதைகள்’ என்று எழுதினாள். வைகாசி முடிவதற்குள் எத்தனை புத்தகம் வாசிப்பீர்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டு, பெயருக்கு நேரே அந்த எண்ணைக் குறித்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் அரச கதைப் பைத்தியம் பிடித்தவர்கள் அதிகம். ஓட்டோ ஓட்டும் றஜிந்தன் பதினைந்து என்றான். மற்றவர்களும் அவனுக்குக் குறைந்தவர்களாக இருக்க விரும்பவில்லை.

சங்கக்கடையில் வேலை முடித்து வந்த குணலட்சுமி பேனையை வாங்கித் தானே எழுதினாள்: இரண்டு.

“என்னக்கா, ரண்டே ரண்டோ?” என்றான் றஜிந்தன். “உதை நான் ஓட்டோவுக்கு ஹயர் கிடைக்காத ஒரு கிழமையிலை முடிச்சுப் போடுவன்.”

“நீ வாசிக்கிற வாசிப்பு எனக்குத் தெரியும். சண்டை வாற பக்கமாய்ப் பாத்துப் பிரட்டுவாய்.”

“சண்டை இல்லாட்டி ராசா என்னத்துக்கு?”

“போடா விசரா.”

அவள் சொன்னது உண்மை. குணலட்சுமி ஒரு சொல்லைக்கூட விட்டு வாசிக்கிறவள் அல்ல. முன்னுரை, அடிக்குறிப்பு, பிழைதிருத்தம் எல்லாவற்றையும் வரிசையாக வாசித்த பிறகுதான் கதைக்குள் போவாள். நடுவில் ஒரு பக்கம் கிழிந்திருந்தால் புத்தகத்தை அப்படியே கொண்டுவந்து பிரசாந்தியின் மேசையில் வைத்துவிடுவாள். கிழிந்த பக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொண்டு மேலே போவது அவளுக்குக் களவு மாதிரி.

அவள் பலகையில் எழுதிய இரண்டும் எந்தக் கடையிலும் கிடைக்காதவை. எண்பதுகளில் ஒரு வார இதழில் வந்த தொடர்கதையின் கடைசி இரண்டு பாகங்கள் அவை. அந்தக் கதை நூலாக வெளிவரவேயில்லை. குணலட்சுமியின் தகப்பன் முத்துக்குமாரு வாராவாரம் அதன் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்தார். சாக்கூசியும் சணல்நூலும் கொண்டு தைத்து, மட்டை போட்டு, ஐந்து பாகங்களாகக் கட்டினார். அப்படிக் கட்டிய கதைகள் அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய்வரும். ஒரு பாகம் திரும்பி வந்தால்தான் அடுத்தது வெளியே போகும் என்பது முத்துக்குமாருவின் சட்டம்.

அப்போது அவர்கள் யாழ்ப்பாண நகரத்தில், சோனகத் தெருவுக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்தார்கள். சோனகத் தெருவில் இருந்த ஸம்ஸியாவும் குணலட்சுமியும் ஒரே வகுப்பு. இருவருக்கும் பதின்மூன்று வயது. கடலோரச் சிற்றரசு ஒன்றைப் பற்றிய அந்தக் கதையில், பவளமாதேவி என்ற அரசியின் மேல் இருவரும் உயிரையே வைத்திருந்தார்கள். இரண்டாம் பாகம் முடியும்போது எதிரியின் கப்பல்கள் கோட்டையைச் சூழ்ந்துவிட்டன. அடுத்தது தெரியாமல் சோறு இறங்காது என்ற நிலையில் குணலட்சுமிக்குக் கொப்பளிப்பான் வந்தது. வேப்பிலைக்கு நடுவில் படுத்துக் கிடந்தவளை, கண் கெட்டுவிடும் என்று தாய் புத்தகத்தைத் தொடவிடவில்லை. தகப்பனிடம் சொல்லி மூன்றாம் பாகத்தை ஸம்ஸியாவுக்குக் கொடுத்தனுப்பினாள். யன்னலுக்கு வெளியே நின்றவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நீ முதல் வாசி. ஆனால் முடிவை மட்டும் எனக்குச் சொல்லிப்போடாதை.”

அது தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி. அந்த மாதம் முடிவதற்குள், நகரத்தின் முஸ்லிம் குடும்பங்கள் எல்லாம் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டன. உடுத்த உடுப்போடு போனவர்களின் பொதியில் கதைப்புத்தகத்துக்கு இடமிருக்கவில்லை. குணலட்சுமி படுக்கையை விட்டு எழுந்து வெளியே வந்தபோது சோனகத் தெருவில் கதவுகள் திறந்து கிடந்தன. மூன்றாம் பாகம் பிறகு கிடைக்கவேயில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து குணலட்சுமியின் வீட்டாரும் இடம்பெயர்ந்தார்கள். மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்த அந்தக் கூட்டத்தில், குணலட்சுமியின் பையில் நாலாம் பாகமும் ஐந்தாம் பாகமும் இருந்தன. முதல் இரண்டையும் வீட்டில் விட்டுவிட்டாள். ஏன் என்று வாசிகசாலையில் வைத்து நான் ஒருமுறை கேட்டேன்.

“வாசிச்சதை என்னத்துக்குச் சுமக்கிறது?” என்றாள்.

வாசிக்காத புத்தகங்கள் எல்லோரிடமும் உண்டு. ஆசை இருந்தும், கையில் இருந்தும், தினமும் கண்ணில் பட்டும் வாசிக்காமல் வைத்திருப்பது வேறு. மாமரத்தின் கீழும், பள்ளிக்கூட வகுப்பறையிலும், பிறகு கொழும்புத்துறையில் வாடகைக்கு எடுத்த வீட்டிலும் அந்த இரண்டு கட்டுகளும் அவிழ்க்காத முடிச்சோடு இருந்தன. மூன்று வாசிக்காமல் நாலு வாசிப்பதில்லை, அவ்வளவுதான். இதை முதலில் கேட்டபோது வெறும் பிடிவாதம் என்று நினைத்தேன். பிடிவாதத்தைப் பெரிய குணமாக மதிக்க எனக்கு எளிதில் மனம் வருவதில்லை. ஆனால் பிடிவாதம் களைத்துப்போகும். முப்பது வருடத்துக்கு மேல் களைக்காமல் நிற்பதற்கு வேறு ஏதோ ஒரு பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சென்ற ஆண்டு யாழ்ப்பாண பஸ் நிலையத்தில், புத்தளம் பஸ்ஸால் இறங்கிய ஒரு பெண் குணலட்சுமியின் தோளில் தட்டினாள்.

“நீ குணமெல்லே?”

குணலட்சுமி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “சம்சு, மூண்டாம் பாகம் வாசிச்சு முடிச்சனியோ?”

“அல்லாவே! இத்தினை வரியத்துக்குப் பிறகு கண்டு கேக்கிற கேள்வியைப் பார். பிள்ளையள் எத்தினை எண்டு கேளன்டி!”

“அதைப் பிறகு கேக்கிறன். முடிச்சனியோ, இல்லையோ?”

“முடிச்சனான், முடிச்சனான்.”

அதன்பிறகே கட்டிப்பிடித்து அழுதார்களாம்.

ஸம்ஸியா சோனகத் தெருவில் கூரையில்லாமல் கிடந்த தகப்பன் வீட்டைத் திருத்துவதற்காக வந்துபோய்க்கொண்டிருந்தாள். இந்த ஆண்டு வீடு குடிபுகும் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் புத்தளத்தில் மகள் றிஸ்வியாவுக்கு ஆனியில் பிள்ளைப்பேறு. வைகாசி முடிவில் போனால் திரும்பி வர எவ்வளவு காலம் ஆகுமோ தெரியாது. அதற்குள் அவள் மூன்றாம் பாகத்தை வாயால் சொல்லி முடிக்க வேண்டும். பிறகு நாலையும் ஐந்தையும் இருவரும் சேர்ந்து வாசிக்க வேண்டும். பவளமாதேவிக்கு என்ன ஆயிற்று என்று கடைசிவரை அறியாமல் ஸம்ஸியாவை மறுபடி பஸ் ஏற்ற குணலட்சுமி தயாராக இல்லை. பலகையில் இருந்த ‘இரண்டு’க்கு இதுதான் பொருள்.

ஞாயிறு பின்னேரங்களில் றஜிந்தன் ஓட்டோவில் ஸம்ஸியாவைக் கூட்டிவந்தான். கடற்காற்று விழுந்துபோன வெக்கையில், விசிறிக்குக் கீழே கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லோரும் இருந்தோம். அவள் சொல்லத் தொடங்கினால் இடையில் தண்ணீர் குடிக்க எழும்பவும் மனம் வராது.

“விடியப்புறம் கோட்டையின்ரை தண்ணீர் வாசலைத் திறந்திச்சினம்,” என்றாள். “பவளமாதேவி ஒரு நகை எடுக்கேல்லை. சனத்தோடை சனமாய் வெளிக்கிட்டா. கரையாலைதான் நடை. பிள்ளையள் கால் சுடுகுதெண்டு அழுதுதுகள். ராணி தன்ரை பட்டைக் கிழிச்சு எல்லாற்றை காலுக்கும் கட்டிவிட்டா.”

“எத்தினையாம் அத்தியாயம்?” என்று கேட்டாள் குணலட்சுமி.

“உனக்கு அத்தியாயம் முக்கியமோ, பிள்ளையின்ரை கால் முக்கியமோ?”

“ரண்டும்.”

“கேளன் பேசாமல். பிறத்தியாற்றை காணிக்கை ஓலைக்கொட்டில் போட்டுத்தான் இருந்தவ. மழைக்கு ஒழுகும். ஒரு குடம் தண்ணிக்கு வரிசையிலை நிண்டா.”

றஜிந்தன் நிமிர்ந்தான். “ராணி வரிசையிலையோ?”

“ஓம். முன்னுக்குப் போங்கோ எண்டு சனம் சொன்னது. மாட்டனெண்டிட்டா. இரவிலை பிள்ளையளைக் கூட்டி வைச்சுத் தன்ரை கோட்டையைப் பற்றிக் கதை சொல்லுவா. எந்த வாசல் எந்தப் பக்கம், எந்தக் கிணறு நல்ல தண்ணி எண்டு. ஏனெண்டால் திரும்பிப் போகேக்கை பிள்ளையளுக்கு வழி தெரியவேணுமெல்லே.”

அவள் சொன்ன மூன்றாம் பாகம், அரசி கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதோடு முடிந்தது. அரச கதைகளை நான் அதிகம் மதித்ததில்லை. முடி, வாள், குதிரை ஆகியவற்றின் ஆரவாரத்துக்குள் மனிதர்கள் தொலைந்துபோவதாகவே எண்ணியிருந்தேன். வரிசையில் குடத்தோடு நின்ற அந்த அரசிக்கு முன்னால் அந்த எண்ணம் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு குணலட்சுமி நாலாம் பாகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தகப்பன் போட்ட முடிச்சை அறுக்காமல் நகத்தால் மெல்ல அவிழ்த்தாள். முதற்பக்கத்தின் ஓரத்தில் பாதி கிழிந்த ஒரு விளம்பரம் இருந்தது. அதையும் விடவில்லை.

“கூந்தல் அடர்த்தியாக வளர…” என்று தொடங்கியதும் ஸம்ஸியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ராணியின்ரை கூந்தலோ, குணம்?”

“இரு, வருகுது.” குணலட்சுமி தொண்டையைச் செருமிக்கொண்டாள். “பவளமாதேவி தண்ணீர் வாசலில் உயிர்துறந்து ஓராண்டு நிறைந்த அன்று…”

அவள் நிறுத்தினாள்.

“அப்பிடி இல்லை,” என்றாள் ஸம்ஸியா. “அவ போனவ. நான் வாசிச்சனான்.”

குணலட்சுமி அதே வரியின் மேல் மறுபடி விரலை ஓட்டினாள்.

“வாசலாலை போனவ…” அவள் குரல் இறங்கியது. “புத்தளத்து முகாமிலை இருக்கேக்கை தம்பி ஸாஜித் சின்னன். ராத்தா, ராணி எங்கை போறா, எங்கை போறா எண்டு ஒவ்வொரு நாளும் கேப்பான். எங்களை மாதிரித்தான் போறா எண்டன். பிறகு என்ரை பிள்ளையளுக்கும் அப்பிடித்தான் சொன்னனான். றிஸ்வியா தண்ணி அள்ளப் போகேக்கை ராணி மாதிரி நிப்பன் எண்டு சொல்லுவாள். நான்…” முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். “செத்ததைத்தான் வாசிச்சிருக்கிறன் போலை. சத்தியமாய் எனக்கு ஞாபகமில்லை, குணம். இத்தினை வரியம் காத்திருந்தனி. உன்ரை கதையைக் கெடுத்துப்போட்டன்.”

எழுந்து செருப்பைத் தேடினாள். றஜிந்தன் ஓட்டோத் திறப்பை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான்.

ஒரு பக்கம் கிழிந்தாலே புத்தகத்தை வைத்துவிடும் குணலட்சுமியை நான் அறிவேன். ஒரு முழுப் பாகத்துக்காக வாழ்நாளில் பெரும்பகுதியைக் காத்திருந்து, கடைசியில் கிடைத்தது எழுதியவருடைய கதை அல்ல என்று அறிந்திருக்கிறாள். அவள் கட்டை மூடி முடிச்சுப் போடுவாள் என்றே நினைத்தேன்.

“இரு சம்சு,” என்றாள்.

“என்னத்துக்கு?”

“இரு எண்டனான்.”

ஸம்ஸியா கதிரை நுனியில் இருந்தாள். குணலட்சுமி அந்தப் பக்கத்தைத் தனக்குள் ஒருமுறை வாசித்தாள். நான் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்ததால் எழுத்துகள் எனக்கும் தெரிந்தன. ‘உயிர்துறந்து ஓராண்டு நிறைந்த அன்று, மன்னர் அருள்வேள் மண்டபத்தில் தனியாக அமர்ந்திருந்தார்’ என்று அச்சில் இருந்தது. அவள் விரலை அந்த வரியின் கீழே வைத்து, சத்தமாக, தடுமாறாமல் வாசித்தாள்:

“பவளமாதேவி தண்ணீர் வாசலைக் கடந்து ஓராண்டு நிறைந்த அன்று, மன்னர் அருள்வேள் மண்டபத்தில் அவள் வரவுக்காகக் காத்திருந்தார்.”

ஸம்ஸியா முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள். கூந்தல் தைலத்தைக்கூட விடாதவளின் குரல் அது. அச்சில் இருப்பதைத்தான் வாசிக்கிறாள் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். தத்துவம் வாசிக்கிறவர்கள் உண்மை என்ற சொல்லைச் சுற்றி வெகுகாலம் நடந்திருக்கிறார்கள். நானும் கொஞ்சம் நடந்திருக்கிறேன். ஒரு மனுஷி தன் வாழ்நாள் ஒழுங்கை ஒரு மூச்சில் இன்னொருத்திக்காகத் தள்ளிவைத்ததை அதற்குமுன் நான் கண்டதில்லை.

அதன்பிறகு வாசிப்பு இலகுவாகப் போகவில்லை. அரசி இல்லாத சபைகளில் அவளை இருத்த வேண்டியிருந்தது. அவளுக்காக அழுகிற பக்கங்களை, வழி பார்க்கிற பக்கங்களாக மாற்ற வேண்டியிருந்தது. சில இடங்களில் குணலட்சுமி திணறினால் ஸம்ஸியா எடுத்துக் கொடுத்தாள். ஐந்தாம் பாகத்தின் நடுவில் அரசன் மறுமணம் செய்துகொண்டான். குணலட்சுமி பக்கத்தை வெகுநேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு அந்தக் கலியாண ஊர்வலத்தை, கால்களில் பட்டுத்துணி சுற்றிய பிள்ளைகளோடு பவளமாதேவி கோட்டைக்குத் திரும்பி வருகிற ஊர்வலமாக வாசிக்கத் தொடங்கினாள். தோரணம், சங்கு, பூமாரி எல்லாம் அப்படியே பொருந்தின.

றஜிந்தன் எட்டிப் பார்த்தான். “அக்கா, உதிலை வேறை பொம்பிளையின்ரை பேரெல்லே கிடக்கு?”

“கண்ணை மூடிக்கொண்டு கேள்.”

“ராசாவுக்குத் தெரியுமோ, பொம்பிளை மாறினது?”

“பொத்தடா வாயை!” என்று இரு பெண்களும் ஒன்றாகச் சொன்னார்கள். ஸம்ஸியா அழுதழுது சிரித்தாள்.

வைகாசியின் கடைசி ஞாயிறு கதை முடிந்தது. ஸம்ஸியாவின் பயணப் பை வாசலில் இருந்தது. பிரசாந்தி பலகைக்கு முன் நின்று ஒவ்வொரு இலக்காகச் சரிபார்த்தாள். பதினைந்து என்று எழுதிய றஜிந்தன் நாலோடு நின்றுவிட்டான். குணலட்சுமியின் ‘இரண்டு’க்கு நேரே பிரசாந்தி சரி அடையாளம் போடப் போனாள்.

“நில் பிள்ளை,” என்றாள் குணலட்சுமி. இரண்டை விரலால் அழித்துவிட்டு, மூன்று என்று எழுதினாள்.

“உது களவு,” என்றான் றஜிந்தன். “மூண்டாம் பாகத்தை நீங்கள் எங்கை வாசிச்சனீங்கள்?”

குணலட்சுமி ஸம்ஸியாவின் பையைத் தூக்கி ஓட்டோவுக்குள் வைத்தாள்.

“கேட்டனான்.”