கம்பியைப் பிடிக்காமல் நின்றவன்

நான் டவுன் பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிப்பவன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அன்று காலை முதலியார்பேட்டை வீட்டில் பல் துலக்கும்போது தரை சாய்ந்தது. சுவரைப் பிடித்தும் நிற்க முடியவில்லை. வாந்தி. சுற்றல் நிற்கவேயில்லை.

"போன வருஷம் வந்ததுதான். காது," என்று மனைவி பிலோமினாவிடம் சொன்னேன். போன வருஷம் படுக்கையில் புரண்டால் மட்டும் சுற்றும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். உள்காதில் இருக்கும் பொடிக்கற்கள் இடம் மாறிவிட்டன என்று சொல்லி, டாக்டர் தலையைத் திருப்பித் திருப்பியே சரிசெய்தார். அதே வித்தையை இப்போதும் கட்டிலில் செய்து பார்த்தேன். மதியம்வரை.

"காதும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பேச்சே கொழறுதுய்யா, கெளம்பு," என்று பிலோமினா அழுதாள். ஆட்டோ பிடித்துக் கோரிமேடு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தன் மூக்கையே பார்க்கச் சொன்னார். என் தலையை இரு கையாலும் பிடித்து வெடுக்கென்று ஒருபுறம் திருப்பினார். பிறகு மறுபுறம். என் பார்வை அவர் மூக்கைவிட்டு நழுவவில்லை. பாஸாகிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

"பார்வை வெலகவே இல்லல்ல டாக்டர்?" என்றாள் பிலோமினா.

"அதாம்மா பயமா இருக்கு. இப்படி விடாம சுத்தும்போது, காதுக் கோளாறுன்னா பார்வை நழுவித் திரும்பி வரும். இவருக்கு நழுவல. மூளையைப் பார்க்கணும்."

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்தது. பின்மண்டையில் இருந்து உடம்பின் சமநிலையைக் காக்கும் சிறுமூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. இதுவும் பக்கவாதம்தானாம். பக்கவாதம் என்றால் கைகால் விழும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு விழவில்லை. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்கள்.

இதைப் படிக்கிற உங்களுக்குத் தலை சுற்றினால், காதா மூளையா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். சுற்றல் விடாவிட்டால், நிற்க முடியாவிட்டால், பேச்சு குழறினால், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால் உடனே கிளம்புங்கள். பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிய வருகிறவரைக் கிட்டே சேர்க்காதீர்கள்.

பஸ் வேலை இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பல மாதப் பயிற்சிக்குப் பிறகு சுவரோரமாக நடக்கிறேன். முன்பெல்லாம் என் பொழுது ஸ்டாப் ஸ்டாப்பாகப் போகும். இப்போது கட்டிலிலிருந்து வாசலுக்குப் போவதே ஒரு பொழுது. அழுகை வருகிறது, அழுகிறேன்.

செக்கப்புக்கு நான் வேலை பார்த்த அதே பஸ்ஸில்தான் போகிறோம். உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். கோரிமேட்டில் எல்லாரும் இறங்குகிறார்கள். எனக்கு மட்டும் பஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது.

"பிலோமினா, நின்னுடுச்சா?"

"எப்பவோ நின்னுடுச்சுய்யா. எறங்கு."