பச்சை லேபிளில் ஒரு பிள்ளையார் சுழி

அத்தானின் இசைத்தட்டு ஒவ்வொன்றின் நடுவிலும், லேபிளில், துளைக்குச் சற்று மேலே நீல மையில் ஒரு பிள்ளையார் சுழி இருக்கும். புதிதாக எது வீட்டுக்குள் வந்தாலும் சுழி போடாமல் தொடமாட்டார். என் அக்காவைக் கட்டி ஹவுன்ஸ்லோவில் குடியிருக்கும் இந்த மனிதர், விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை பார்த்துக்கொண்டே, அமெரிக்காவின் ஒரு சின்னக் கம்பெனி வெளியிட்ட இசைத்தட்டுகளை மட்டும் தேடித் தேடிச் சேர்த்தார்.

மேசை நாற்காலி விற்கும் தளபாடக் கடை ஒன்றின் பின்னறையில் அண்ணன் தம்பி இருவர் தொடங்கிய கம்பெனி அது. அதன் சரித்திரத்தை அத்தான் லேபிளை வைத்தே சொல்லுவார். கரும்பச்சையில் வெள்ளி எழுத்து என்றால் பின்னறைக் காலம். மஞ்சளில் சேவல் படம் என்றால் தம்பியார் கோபித்துக்கொண்டு பிரிந்துபோன பிறகு வந்தது. சேவல் சிறுத்து, அடியிலிருந்த தெரு முகவரியும் காணாமல் போயிருந்தால் பெரிய கம்பெனி ஒன்று விழுங்கிவிட்டது என்று அர்த்தம். "வித்துப்போட்டினம் எண்டால் முதல் அழியிறது விலாசம்தான், மச்சான்" என்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

போன ஆண்டு சட்டன் என்ற ஊரில் இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் ஒன்று அவரைப் பேச அழைத்தது. ஆங்கிலத்தில் அவருடைய முதல் மேடை. அக்கா சட்டையைத் திரும்பத் திரும்ப அயர்ன் பண்ணினாள். ஆங்கிலம் இடறினால் எடுத்துக்கொடுக்க என்னையும் காரோடு கூட்டிப்போனார். இடறவே இல்லை. வெள்ளைக்காரர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முடிந்ததும் அவர் தட்டுகளைப் பரப்பியிருந்த மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் பச்சை லேபிள் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, இது என்ன குறி என்று என்னிடம் கேட்டார். லேபிளில் பேனை பட்டாலே தட்டைக் கெடுத்துவிட்டதாக நினைக்கிற ஆட்கள். எங்களைப் பட்டிக்காட்டார் என்று நினைத்துவிடுவார்களோ என்று எனக்கு உடம்பு கூசியது. தொழிற்சாலையில் பரிசோதித்தவர் போட்ட அடையாளமாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அவர் பரவசமாகிப் படம் எடுக்க, மற்றவர்களும் கைபேசியை நீட்டினார்கள்.

அத்தான் பக்கத்தில்தான் நின்றார். அது தன் கையால் போட்டது, எங்கள் ஆட்கள் எதைத் தொடங்கினாலும் கடவுளுக்கென்று போடுவது என்று நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார். நீட்டிய கைகள் இறங்கின. தட்டு வீணாகிவிட்டதே என்று ஒருவர் வருத்தப்பட்டார். எனக்கு வீணாகவில்லை என்றார் அத்தான். நான் தட்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினேன்.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போதுதான் கேட்டார்.

"மச்சான், நீ வெக்கப்பட்டது என்னை நினைச்சோ, பிள்ளையாரை நினைச்சோ?"

இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்போது அவரை நகரின் மறுகோடியில் இருக்கும் எட்மண்டன் வரை பேசக் கூப்பிடுகிறார்கள். நேற்று நானாகவே போன் எடுத்து, கார் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"உனக்கேன் கரைச்சல், நான் ரெயினிலை போறன்" என்றார்.

என் கரைச்சலை, சிரமத்தைப் பற்றி அவர் அதற்கு முன் ஒருநாளும் யோசித்ததில்லை. "பெட்டியளை வந்து தூக்கு" என்பார், போய்த் தூக்குவேன்.